கொல்லைக் கோழிக்குக் கொஞ்சம் கீரை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயருக்கும் கோழிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத்தானே இந்தக் கல்லூரியில் கற்றுக்கொண்டோம்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழிகள். முட்டைக் காசு முழுக்க அம்மாவுடையது. அவர் யாரிடமும் கேட்காமல் செலவு செய்யும் பணம் அது ஒன்றுதான். கோழியைத் திறந்து விட்டால் பக்கத்து வீட்டுப் பாத்தியைக் கிளறி வம்பு; நாய், கீரிப்பிள்ளை பயம் வேறு. அடைத்து வைத்தால் மேய்ச்சல் போச்சு, மஞ்சள் கருவும் வெளுத்துப் போச்சு. ஆகவே பச்சையை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும்.

"அசோலா வளர்த்தால் தீவனத்தைப் பாதியாகக் குறைக்கலாமாமே?" என்று அம்மா கேட்டார். அசோலா நல்ல பொருள்தான். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் நிழலில் குழி எடுத்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சலித்த மண், சாணிக் கரைசல், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டு 10 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால், பத்து நாளில் அசோலா மூடிவிடும். அப்புறம் தினம் அரை கிலோ அள்ளலாம். சாணி வாடை போக அலசிக் கொடுக்கணும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அரை கிலோவைப் பத்துக் கோழிக்குப் பிரித்தால் தலைக்கு 50 கிராம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்! வற்றினால் மிஞ்சுவது 3, 4 கிராம். அதில் புரதம் 1 கிராம்கூடத் தேறாது. முட்டைக் கோழி தினம் தின்னும் தீவனமோ சுமார் 100 கிராம். பாதியைக் குறைத்தால் முட்டை நின்றுபோகும், அம்மாவின் வரவும் நின்றுபோகும்.

அதே 50 கிராம் முருங்கைக்கீரையில் 3 கிராம் புரதம் இருக்கிறது. குழியும் வேண்டாம், ஷீட்டும் வேண்டாம். வேலியோரம் நாலு போத்து நட்டு, இடுப்பளவில் வெட்டி விட்டால் தழைத்துக்கொண்டே இருக்கும். அதற்காக அதையே சாப்பாடாக்கிவிடாதீர்கள், நார் அதிகம். கோழிக்கு ஒரு கைப்பிடி போதும். தரையில் போட்டால் மிதித்து நாசம் பண்ணும். கொத்தாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சவுண்டல் தழை வேண்டாம். அதிலுள்ள மைமோசின் கோழிக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் இப்போது முருங்கையும் உண்டு, சின்ன அசோலாத் தொட்டியும் உண்டு. தானியத்தில் ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. கரு மட்டும் பழையபடி நல்ல மஞ்சளாகிவிட்டது.

மாணவத் தம்பி தங்கைகளே, "செலவு பாதி" என்று யார் சொன்னாலும் சரி, முதலில் தண்ணீரைக் கழித்துவிட்டு எடை போடுங்கள்.