நொறுக்குத் தீனிக்கு வரி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கு அடுத்த நிலையம் வேப்பம்பட்டு. அம்பத்தூர், காக்களூர்த் தொழிற்பேட்டைகளில் உழைப்போர் பலர் இப்பாதையை ஒட்டிக் குடியிருக்கின்றனர். வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிக்கு வீட்டுச் சோறு தொலைவில் இருக்கிறது. பசியோ உடன் வருகிறது. அவ்வேளையில் கைக்கு எட்டுவன எண்ணெயிற் பொரித்த பஜ்ஜியும், ஐந்து ரூபாய்ப் பொட்டலமும், இனிப்புப் பானமுமே. இத்தகைய உணவுக்கு வரி விதித்தால் மக்களின் உடற்பருமன் குறையுமா என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

நோயின் அளவை முதலில் காண்போம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆடவரில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 2015–16இல் இத்தொகை முறையே 31, 28 ஆக இருந்தது.

"நான் உண்பதில் அரசாங்கத்திற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயினும், நீரிழிவும் இதய நோயும் வந்தபின் அரசாங்க மருத்துவமனையில் ஆகும் செலவு பொதுப்பணம் அன்றோ? ஆகவே தலையிட உரிமை உண்டு; எவ்வாறு தலையிடுவது என்பதே வினா.

நம் அண்டை மாநிலமான கேரளம் 2016இல் ஒரு வழி காட்டிற்று. நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் விற்கும் பீட்சா, பர்கர் முதலியவற்றின்மீது நூற்றுக்குப் பதினாலரை வரி விதித்தார். ஆனால் பரோட்டாவும் நேந்திரங்காய் வறுவலும் அதில் அகப்படவில்லை. கொழுப்பு, கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தா உடலில் சேர்கிறது? 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்தபோது, அவ்வரி அதனுள் மறைந்தது.

பிரிட்டனோ 2018இல் வேறு வழியை மேற்கொண்டது. 100 மில்லி லிட்டர் பானத்தில் சர்க்கரை 5 கிராமை எட்டினால் ஒரு வரி. 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. அதற்குக் கீழே வரியே இல்லை. வரிக்கு அஞ்சிய உற்பத்தியாளர் பலர், சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே சர்க்கரையைக் குறைத்துவிட்டனர். வாங்குவோனைத் தண்டிக்காமல் செய்வோனைத் திருத்திய வரி அது.

நம் நாட்டிலோ, 2025 செப்டம்பர் 22 முதல் நுரைபொங்கும் பானங்களுக்கு நூற்றுக்கு 40 வரி. சர்க்கரை மிகுந்த பானத்திற்கும் அது இல்லாத பானத்திற்கும் ஒரே அளவு. அதே நாளில் பொட்டலக் காராபூந்தி, மிக்சர் வகைகளின் வரி 12இலிருந்து 5 ஆயிற்று. பிஸ்கோத்தின் வரி 18இலிருந்து 5 ஆயிற்று. உப்பையும் சர்க்கரையையும் குறைக்கும் உற்பத்தியாளனுக்கு இம்முறையில் ஆதாயம் ஏது?

ஆகவே வரி, பண்டத்தின் பெயரைப் பாராமல், அதில் கலந்த சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவைப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் அளந்து விதிக்கவும் வேண்டும். நிலைய வாயிலில் பஜ்ஜி சுடும் சிறு வியாபாரியை இவ்வரி எட்டாது, எட்டவும் வேண்டா.

இன்னும் ஒன்று உண்டு. வறியவன் தன் வருவாயில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடுகிறான். ஆதலால் உணவு வரியின் சுமை அவனையே மிகுதியாக அழுத்தும். இதற்கு ஈடு செய்யாத வரி அறமாகாது. வசூலாகும் பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல், பயறு, காய், பழம் ஆகியவற்றின் விலையைத் தாழ்த்த உதவ வேண்டும். தொழிற்சாலை உணவுக்கூடங்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் சுண்டலும் வாழைப்பழமும் மலிவாகக் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் போன்ற பணிகளுக்கும் அதில் ஒரு பங்கு செல்லலாம்.

பசித்தவனிடம் "இதை உண்ணாதே" என்று சொல்வது எளிது. "இதோ, இதை உண்" என்று குறைந்த விலையில் நல்ல உணவை அவன் கையில் கொடுப்பதே அரசின் கடமை. அக்கடமையைச் செய்யும் அரசுக்கே இவ்வரியை விதிக்கும் தகுதி உண்டு.