தண்டோரா போட்டவருக்கு நாற்காலி உண்டா?

(கெங்குவார்பட்டியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலநிலை மாற்றமும் நீதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. என் முனைவர் பட்ட ஆய்வில் நான் செய்வது அதைவிடச் சின்ன வேலை. ஒரு மலையைக் குடையவோ, ஓர் ஆற்றைத் திருப்பவோ அரசு முடிவெடுக்கும்போது, 'பாதிக்கப்படுவோர்' என்று காகிதத்தில் யாரை எழுதுகிறார்கள் என்று பார்ப்பது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். மஞ்சளாறு அணையில் தண்ணீர் இருந்தால் நடவு உண்டு. மழை பருவம் தப்பிப் போவதையும், வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாமை போனால் நிவாரணம் வருகிறது. எப்படி வருகிறது? பேரிடர் நிவாரண விதிப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் வருகிறது. வி.ஏ.ஓ. அடங்கலைப் பார்ப்பார், பட்டாவைக் கேட்பார். அந்த வயலில் நாற்று நட்டவர், களை எடுத்தவர் பெயர் அடங்கலில் இருக்காது. அவர் இழந்தது எத்தனை நாள் கூலி என்று எழுத அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அவருக்கு ஏன் நிலம் இல்லை? அதுவும் இயற்கை செய்த வேலை இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் தர 1892-லேயே ஆணை போட்டார்கள். அந்தப் பஞ்சமி நிலம் யார் யார் கைக்குப் போனது என்பது நாடறிந்த கதை. முதலில் நிலத்தைப் பறித்துவிட்டு, பிறகு நிலம் வைத்திருப்பவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று விதி எழுதினால், அந்த விதியில் சாதி என்ற சொல்லே தேவைப்படாது. அது தானாகவே வேலை செய்துவிடும்.

இப்போது நம் மாவட்டத்தின் பெரிய வழக்குக்கு வருகிறேன். போடி மேற்கு மலை, பொட்டிப்புரம், நியூட்ரினோ ஆய்வகம். முதலில் நீலகிரியில் சிங்காராவில் அமைக்கப் பார்த்தார்கள். யானைகளின் வழித்தடம் என்பதால் 2009-ல் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. நம் பக்கம் வந்தது. மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கம், 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவி. 2011-ல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பது முக்கியக் காரணம். அடுத்த ஆண்டே, 2018 மார்ச்சில், ஒன்றிய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில்? 8(அ). கட்டடம் கட்டும் பிரிவு. வணிக வளாகத்துக்கும் அடுக்குமாடிக்கும் உள்ள பிரிவு. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கட்டடங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. மலையைக் குடைவதைக் கட்டடம் என்று எழுதிவிட்டால், மலையடிவாரத்து மக்களைக் கேட்கவே வேண்டாம்.

நாம் அறிவியலுக்கு எதிரிகள் இல்லை. பெரியாரையும் அம்பேத்கரையும் படித்தவர்கள் அப்படி இருக்க முடியாது. நியூட்ரினோவால் ஆபத்து உண்டா, இல்லையா என்பது ஒரு கேள்வி. அதை இயற்பியலாளர்கள் விளக்கட்டும். அந்த மலையை என்ன செய்வது என்று முடிவெடுக்க யாருக்கு உரிமை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டதால் இரண்டாவது தீர்ந்துவிடாது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. வரவேற்போம். ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்ததும் டெல்லி, வேண்டாம் என்று எழுதியதும் சென்னை. பொட்டிப்புரத்தில் ஆடு மேய்ப்பவர் எந்தக் காகிதத்திலும் பேசவில்லை.

சரி, கருத்துக் கேட்பு நடந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே 2006 அறிவிக்கையின் நான்காவது பின்னிணைப்பைப் படித்துப் பாருங்கள். செய்தித்தாள் போகாத ஊர்களில் மக்களுக்குப் பறையடித்துச் சொல்லலாம் என்று இருக்கிறது. பறையடித்து ஊருக்குச் சேதி சொல்லும் வேலையை யார் தலையில் கட்டி வைத்திருந்தார்கள் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டாம். கூட்டம் நடக்கப் போவதை ஊருக்கெல்லாம் சொன்னவர், அந்தக் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தார்? அதைப் பற்றி விதியில் ஒரு வரி கிடையாது.

2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவு. பறை கையிலிருந்து இறங்கியது. நாற்காலி இன்னும் வரவில்லை.

அதே பின்னிணைப்பில் இன்னொரு வரி: கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை தேவையில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம், ஊரே வந்தாலும் கூட்டம். களப்பணியில் ஒரு கூலித் தொழிலாளி அம்மாவிடம், இப்படிக் கூட்டம் என்றால் போவீர்களா என்று கேட்டேன். "போனா அன்னைக்குக் கூலி யாருப்பா தருவா? போனாலும் ஓரமா நிக்கத்தான் வேணும்" என்றார். அதிகாரி எழுதும் பதிவில் அவர் வராதது 'ஆட்சேபணை இல்லை' என்று ஆகிவிடுகிறது.

வேறு மாதிரி விதி எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், கிராம சபையில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று உள்ளது. மலையடிவாரத்துப் பளியர் மக்களுக்கு அந்தச் சட்டம்தான் பிடிமானம். பழங்குடிகள் போராடிப் பெற்ற சட்டத்தில் எண்ணிக்கை உண்டு. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அனுமதி தரும் விதியில் எண்ணிக்கை இல்லை.

கிராம சபை இருந்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்களில், தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சியை முடக்கி வைத்தார்கள். மந்தையில் கூடும் கூட்டத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சட்டத்துக்கு முன்பே சாதி முடிவு செய்துவிடுகிறது. மகாத் நகராட்சி 1924-லேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்த்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அடியும் வாங்க வேண்டியிருந்தது. தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு.

சூழல் இயக்கத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மேடைகளிலும் 'விவசாயி' என்றால் நிலம் உள்ளவரையே நினைக்கிறோம். ஊர் ஒற்றுமை கெட்டுவிடும் என்று கூலியையும் சாதியையும் பேசாமல் விடுகிறோம். காலனியைக் கேட்காமல் காப்பாற்றிய ஆறு, காலனிக்குத் தண்ணீர் தரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. பாதிக்கப்படுவோர் பட்டியலில் கூலித் தொழிலாளியும், ஆடு மேய்ப்பவரும், காட்டில் தேன் எடுப்பவரும் பெயரோடு வர வேண்டும். ஊர்ப் பொது இடத்தில் ஒரு கூட்டம் என்றால் காலனியிலும் பளியர் குடியிருப்பிலும் தனித்தனிக் கூட்டம் வேண்டும். வருகிறவருக்கு அன்றைய கூலி வேண்டும். சுருக்கத்தை மட்டும் தமிழில் தரும் விதி மாறி, முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும். குறைந்தபட்ச வருகை வேண்டும்.

கெங்குவார்பட்டி பேரூராட்சி. அதனால் இங்கே கிராம சபை கிடையாது. ஆனால் பேரூராட்சிகளுக்கும் சேர்த்து 2022-ல் பகுதி சபை விதிகள் வந்திருக்கின்றன. உங்கள் வார்டில் அது கூடியதா என்று கேளுங்கள். கூடினால் போங்கள், உட்காருங்கள், பேசியது பதிவாகும்வரை எழுந்திருக்காதீர்கள்.