பரம்பரைப் புற்றுநோயும் செவிலியர் கற்க வேண்டிய பாடமும்



இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் பிள்ளைகள் செவிலியர் பயிற்சிக்கும் மருந்தாளுநர் படிப்பிற்கும் செல்வது கண்டு மகிழ்கிறோம். 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மருத்துவப் பணிக்குச் செல்வோர் கற்றாக வேண்டிய பாடம் ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சில குடும்பங்களில் மட்டும் இந்நோய் தலைமுறைதோறும் தொடர்வது ஏன் என்பது அன்று விளங்கவில்லை. 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1, 1995-இல் பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்கள் இனங்காணப்பட்டன. உயிரணுவின் மரபுப் பொருளில் நேரும் சேதத்தைச் செப்பனிடுவது இவற்றின் வேலை. பிறவியிலேயே இவை பழுதுற்றிருப்பின், மார்பகத்திலும் சூலகத்திலும் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. இப்பழுது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனினும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே பரம்பரையாக வருபவை.

ஆகவே செவிலியர் நோயாளியிடம் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்குள் எவருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்று வந்தது? ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்று, சூலகப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் மரபணு ஆலோசனைக்கு அனுப்புதல் வேண்டும். பழுது உள்ளவர் முன்கூட்டியே பரிசோதனைகளைத் தொடங்கலாம். குடும்பத்தில் கண்டறியப்பட்ட அப்பழுது தமக்கு இல்லையென அறிந்தவர் அந்த அச்சத்தினின்று விடுபடலாம்.

கேட்கும் முறையும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. பிறப்பைக் காட்டி இழிவு செய்யப்பட்டவர்கள் நாம். ‘பரம்பரை’ என்னும் சொல் நம் மக்கள் செவியில் எவ்வாறு விழும் என்பதை நாம் அறிவோம். மருமகள் கொண்டுவந்த நோய் என்ற பழிக்கும், மகளின் திருமணம் தடைபடுமோ என்ற அச்சத்திற்கும் நோயை மறைத்து, முற்றிய பின் மருத்துவமனைக்கு ஓடுவோர் உளர். எனவே தனியிடத்தில், அவர் இசைவோடு கேட்டல் வேண்டும். கேட்டதை வெளியிடாது காத்தல் வேண்டும். மரபணுப் பழுது எச்சாதியிலும் நேர்வது. எவருடைய குற்றமும் அன்று. இதனை நோயாளியின் முகம் பார்த்து, எளிய தமிழில் எடுத்துரைப்பவரே நல்ல செவிலியர்.

இளைஞர்களே! பாட்டனும் பாட்டியும் உள்ளபோதே குடும்ப விவரத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ‘வயிற்றில் கட்டி வந்து மாண்டார்’ என்ற ஒரு வரியும் நாளை ஓர் உயிரைக் காக்கக்கூடும். எழுத்தறிவு நமக்குத் தந்த உரிமையை இதற்கும் பயன்படுத்துவோமாக.