திருச்செங்கோட்டுக்குப் பெருமை உழைப்பே!

நடுவர் அவர்களே! கோயில்தான் பெருமைன்னு பேசின எதிரணி அம்மா, திருச்செங்கோட்டு மலையில 1,200 சொச்சம் படியையும் நம்மள ஏற வச்சுட்டாங்க. மேலே ஆண் பாதி, பெண் பாதியாய் அர்த்தநாரீசுவரர். கும்பிட்டுக்கறேனுங்க. ஆனா மலைக்குக் கீழே? தண்ணியில்லாத மேட்டுக்காடு! வறட்சியில் தவிச்ச சனத்துக்கு ராட்டையாவது கஞ்சி ஊத்தட்டும்னுதான், 1925-ல் ராஜாஜி பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார்.

அப்புறம் கிணறும் வத்திச்சு. அழுதுட்டா உட்கார்ந்தோம்? போர் போடற ரிக் வண்டி வாங்கினோம்! இன்னிக்கு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு போய், அடுத்தவன் காட்டுல தண்ணி எடுத்துக் கொடுக்கிறான் எங்க ஊர்க்காரன். ராத்திரி பகலா கம்ப்ரசர் சத்தம், உடம்பெல்லாம் கல்தூசி.

நடுவர் அவர்களே, சாமிக்கு ரெண்டு பாதியும் ஒரே இடத்துல இருக்குது. எங்க வீதியில ஒரு பாதி வாசல்ல காத்திருக்கு, மறு பாதி ராஜஸ்தானத்துல போர் போடுது! (சிரிப்பு) சிரிக்காதீங்க. வைகாசித் தேருக்கு வந்த என் தம்பியைப் பார்த்து, அவன் மூணு வயசு மகள், "யாரு இந்த மாமா?"ன்னு கேட்டுச்சுங்க.

கண்ணைத் துடைச்சுட்டு அவன் போய்ப் பிடிச்சது அம்மா சொன்ன அதே சாமியோட தேர் வடத்தைத்தானுங்க! (கைதட்டல்)