தாழ்வு மனப்பான்மை: யாருடைய நோய்?

(இராசிபுரத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'தாழ்வு மனப்பான்மை' என்கிற சொல்லைக் கேட்காத தலித் மாணவர் இங்கே யாராவது இருக்கீங்களா? நான் விடுதியில் தங்கிப் படிச்ச காலத்தில், பதில் சொல்லாமல் நின்றால் ஆசிரியர் சொல்வார்: "உனக்குத் தாழ்வு மனப்பான்மைடா, அதை விட்டொழி." ஊரில் பண்ணையக்காரர் வீட்டு ஏழு வயசுப் பையன் எங்கப்பாவை "வாடா" என்பான். அப்பா "வந்துட்டனுங்க சாமி" என்று ஓடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆசிரியருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் குறை என் மனசில்தான் என்று சொல்லிவிட்டால் அவருக்கு வேலை முடிஞ்சுது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கலகத்தின் வரலாறு இருக்கிறது. 1902இல் வியன்னாவில் ஃப்ராய்டைச் சுற்றி ஒரு சிறு குழு புதன்கிழமைகளில் கூடியது. அதில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர் ஆல்ஃப்ரெட் அட்லர். யூதர், தானிய வியாபாரியின் மகன், சின்ன வயதில் எலும்பு நோயால் அவதிப்பட்டவர். 1898இல் அவர் எழுதிய நூல் தையல் தொழிலாளிகளின் உடல்நலம் பற்றியது. நெருக்கடியான அறை, நீண்ட வேலை நேரம், நுரையீரல் நோய். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃப்ராய்டு மனநோயின் வேரைப் பாலியல் இச்சையில் கண்டார். அட்லர் மறுத்தார். குழந்தை தன்னைச் சிறியதாக, பலமற்றதாக உணர்கிறது. அந்தத் தாழ்வுணர்ச்சியை ஈடுகட்டவே போராடுகிறது என்றார். பெண்ணின் ஏக்கம் ஆணுக்குள்ள அதிகாரம் குறித்தது, அவன் உறுப்பு குறித்தது அல்ல என்றார். 1911இல், வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவராக இருந்த அவரே வெளியேறினார். கூடவே போனவர்களில் சோசலிஸ்டுகளும் இருந்தார்கள். தங்கள் மரபுக்கு அவர்கள் பிறகு வைத்த பெயர் 'தனிமனித உளவியல்'. மனிதன் பிரிக்க முடியாத முழுமை என்பதே அதன் பொருள். ஊரிலிருந்து பிடுங்கி எடுத்த ஒற்றை ஆள் என்று பொருளில்லை. முதல் உலகப்போருக்குப் பின், சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட வியன்னாவில் பள்ளிகளையொட்டிக் குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்கள் நடத்தினார்கள். 1934இல் வலதுசாரி சர்வாதிகாரம் வந்ததும் அவை மூடப்பட்டன. 1937இல் அட்லர் இறந்தார்.

கருத்து உலகம் சுற்றியது. சுற்றும்போது அதிலிருந்த சமூகம் உதிர்ந்துபோச்சு. தன்னம்பிக்கைப் புத்தகத்தில் மிஞ்சியது 'உன் மனசை மாத்திக்கோ' மட்டும்தான்.

இங்கேதான் ஃப்ரான்ஸ் ஃபனான் வருகிறார். மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் அட்லரையே விசாரணைக்கு எடுக்கிறார். ஒரு கறுப்பன் சக கறுப்பனோடு தன்னை ஒப்பிடும்போதும் நடுவில் வெள்ளையன்தான் அளவுகோல். அப்படியானால் நோய் தனி ஆளிடம் இல்லை, அந்தச் சமூகத்தில் இருக்கிறது என்கிறார். நம்ம கதையும் அதுதானே? அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். சேரிக்குள்ளேயே பறையர், சக்கிலியர் என்று மேல்கீழ் பார்க்கிறோமே, அந்த அளவுகோல் யாருடையது?

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனிப் பள்ளிகள் கறுப்பினக் குழந்தைகளிடம் தாழ்வுணர்ச்சியை உண்டாக்குகின்றன என்று சொல்லி, அந்தப் பிரிவினை செல்லாது என்றது. குழந்தையைத் திருத்தச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது இது.

உயர்வு மனப்பான்மை என்பது தாழ்வுணர்ச்சி போட்ட முகமூடி என்றும் அட்லர் சொன்னார். அப்போ "வாடா" என்கிற பையனுக்குத்தான் வைத்தியமா? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதோடு நின்றுவிட முடியாது தோழர்களே. சாதி வெறும் மனநோயென்றால் மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். அது நிலமாக, கூலியாக, சுடுகாட்டுப் பாதையாக இருக்கிறது.

அடுத்த முறை யாராவது அந்தச் சொல்லை உங்கள்மேல் வீசினால் நிமிர்ந்து சொல்லுங்க: "தாழ்வு என் மனசுல இல்லீங்க சார். நீங்க கட்டி வச்ச படியில இருக்கு. வாங்க, அதை இடிக்கலாம்."