அறுவைக்குப் பிறகு

(குழித்துறையில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இலவச மூட்டு அறுவை முகாம்களுக்கு ஊராரை அனுப்பி வைப்பதில் நம்மில் பலருக்குப் பங்கு உண்டு. எனக்கும் உண்டு. அதில் நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி விடுப்பு எடுத்தாள். காரணம் கேட்காமலே கண்டித்தேன். ஒருநாள் அவள் சொன்னாள்: “சாரே, நான் வந்தா அம்மச்சியைப் பிடிச்சு எழுப்ப ஆரு உண்டு?”

அம்மச்சி அண்டி ஆபீசில் பல ஆண்டுகள் தரையில் குத்தவைத்து வேலை செய்தவர். தேய்ந்துபோன முழங்காலுக்கு, வெளியூரிலிருந்து வந்த தொண்டு மருத்துவர்கள் இலவசமாகச் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. மருத்துவர்கள் ஊர் திரும்பினார்கள். வலிக்கு இதமாக இருக்கிறதென்று அம்மச்சி முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்தார். தினமும் நீட்டி மடக்க வேண்டிய கால், மடங்கியபடியே இறுகிவிட்டது.

நமக்கு அருகிலுள்ள நெய்யூரில் 1838-இலேயே மருத்துவ மிஷன் பணி தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், அதன்பின் நெய்யூரைப் பார்க்க வந்தார். காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு சில வாரம் உதவினார். அத்துடன் முடித்துக்கொள்ளாமல், மீண்டும் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே பணியாற்றினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்குப் பயிற்சி வேண்டும். கைக்கு ஒரு தொழிலும் வேண்டும். அதற்காகவே அங்கே நவஜீவ நிலையம் உருவானது. குணமானவர்கள் அங்கே மரப் பொம்மை செய்யக் கற்றார்கள்.

கத்தியின் வேலை சில மணி நேரம்; அதன்பின் வேண்டியது பல மாதத் துணை. வந்துபோகும் மருத்துவரால் அதைத் தர முடியாது. ஊரில் இருக்கும் நம்மால் அதற்கு வழி காட்ட முடியும்.

நான் கிராம சுகாதார செவிலியரிடம் பேசினேன். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் அந்தத் தலையணையை எடுக்கச் சொன்னார். பேத்தி பயிற்சிகளைப் பார்த்துக் கற்றாள். காலையும் மாலையும் செய்ய வைத்தாள். கால் முழுமையாக நீளவில்லை. ஆனால் அம்மச்சி இப்போது கம்பூன்றித் தானே எழுகிறார். பேத்தி பள்ளிக்கு வருகிறாள்.

இனி யாரையாவது முகாமுக்கு அனுப்பும்போது மூன்று கேள்விகள் கேட்போம். வீட்டில் பயிற்சி சொல்லித்தர வருவது யார்? மறுபரிசோதனைக்கு எங்கே போவது? அவர் படுத்திருக்கும் நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காத வீட்டில், ஒரு குழந்தை பள்ளியை விட்டு நின்றுகொண்டிருக்கும். வருகைப் பதிவேட்டில் அதை முதலில் காண்பவர்கள் நாம்தான்.