கேப்டன்கள் நடத்திய போர்

பெர்னார்ட் ஷா 1894-இல் எழுதிய 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்' நாடகத்தில் சாக்லெட் தின்னும் சிப்பாய் ஒருவன் வருவான். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அவனை நினைவிருக்கும். அந்த நாடகத்துக்குப் பின்னணியாக உள்ள போர் கற்பனையல்ல. 1885 நவம்பரில் பல்கேரியாவும் செர்பியாவும் மோதிய போர்தான் அது.

பல்கேரியப் படைக்கு அப்போது வயது ஏழுதான். 1878-இல் துருக்கிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு. படையை உருவாக்கிப் பயிற்சி தந்தது ரஷ்யா. உயர் பதவிகளில் எல்லாம் ரஷ்யர்களே இருந்தார்கள். 1885 செப்டம்பரில் பல்கேரியா, ரஷ்யாவைக் கேட்காமல் கிழக்கு ருமேலியா மாகாணத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தருக்குக் கடுங்கோபம். தன் அதிகாரிகள் அத்தனை பேரையும் திரும்ப அழைத்துக்கொண்டார். மிஞ்சியவர்களில் கேப்டனுக்கு மேற்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போர் அமைச்சர் பொறுப்பே கான்ஸ்தான்தின் நிகிபோரோவ் என்ற கேப்டனிடம்தான் போனது!

நவம்பர் 14-இல் செர்பிய மன்னர் மிலான் போர் தொடுத்தார். பல்கேரியப் படையின் பெரும்பகுதி அந்த நேரம் தென்கிழக்கே, துருக்கி எல்லையில் நின்றது. ஆபத்தோ மேற்கே. ரயில் பாதை பெலொவோவோடு முடிந்துவிட, அங்கிருந்து கால்நடையாகவே வந்தார்கள். குதிரைப்படை வீரனுக்குப் பின்னால் காலாட்படை வீரனையும் ஏற்றி, ஒரு குதிரைக்கு இருவராக வந்த கதை பல்கேரியாவில் இன்றும் சொல்லப்படுகிறது. சோபியாவுக்கு வடமேற்கே ஸ்லிவ்நிட்ஸாவில், நவம்பர் 17 முதல் 19 வரை, மூன்று நாள் சண்டை. செர்பியர்கள் பின்வாங்கினார்கள். வடக்கே விதின் கோட்டையைக் காத்தவர் கேப்டன் அத்தனாஸ் உசூனோவ். பல்கேரியர்கள் செர்பியாவுக்குள் புகுந்து பிரோத் நகரைப் பிடித்த பிறகு, ஆஸ்திரியா-ஹங்கேரி மிரட்டித்தான் போர் நின்றது. கேப்டன்கள் ஜெனரல்களை வென்ற போர் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

போரைவிட, அதற்குப் பிறகு அந்தக் கேப்டன்களுக்கு நேர்ந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வகுப்பை விட்டு வாத்தியார் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பரீட்சையில் மாணவர்கள் தேறிவிட்டார்கள். சரி, இனி வாத்தியாரோடு சமாதானமா, பகையா? இந்தக் கேள்வியில் அவர்கள் இரண்டுபட்டார்கள். ஸ்லிவ்நிட்ஸாவில் வலப்பக்கப் படையை நடத்திய பெந்தெரேவ், மறு ஆண்டு ஆகஸ்டில் தன் இளவரசர் பாட்டன்பர்க்கையே கவிழ்த்த சதியில் சேர்ந்தார். 1887-இல் ரூசே நகரில் ரஷ்ய ஆதரவு அதிகாரிகள் கலகம் செய்து தோற்றார்கள். அதற்காக, விதினைக் காத்த உசூனோவையும் அவருடைய தோழர் ஒலிம்பி பனோவையும் சொந்த நாட்டு அரசே சுட்டுக் கொன்றது. வென்று பதினாறு மாதம்கூட ஆகவில்லை.

இளவரசரைக் கவிழ்த்த அதே சதியில் இருந்த ராத்கோ திமித்ரியேவ் ரஷ்யாவுக்குத் தப்பினார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி, 1912 பால்கன் போரில் துருக்கியரிடமிருந்து லோசன்கிராதைப் பிடித்த தளபதிகளில் ஒருவரானார். 1914-இல் ரஷ்யப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு பல்கேரியா ஜெர்மனியின் பக்கம் சாய்ந்தபோது, அவர் இருந்தது எதிர்ப்பக்கத்தில். 1918-இல் பியாத்திகோர்ஸ்க் நகரில் போல்ஷெவிக்குகள் அவரைக் கொன்றார்கள். உடம்பில் ரஷ்யச் சீருடை அணிந்தே கடைசிப் போரை நடத்திய ஸ்லிவ்நிட்ஸா தலைமுறைக்காரர் அவர்.